அரைநாள் மீன், ஐந்துநாள் சோதனை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. அங்கே கூறு கட்டி விலை பேசிய மீன் மதியத்துக்குள் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களுக்குக் கூடையில் வந்து சேரும். இரவுக்குள் குழம்பாகித் தீர்ந்தும் போகும். கரையேறிய பிறகு அந்த மீனுக்கு ஆயுள் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள். அதே மீனில் சால்மோனெல்லா இருக்கிறதா என்று ஆய்வகத்தில் முறைப்படி பார்க்க என்ன செய்கிறார்கள்? 25 கிராம் சதையை 225 மில்லி ஊட்டநீரில் கலந்து ஒரு நாள் வளரவிடுகிறார்கள். அதிலிருந்து சிறிது எடுத்து, மற்ற கிருமிகளை அடக்கும் நீர்மத்தில் இன்னொரு நாள் வைக்கிறார்கள். பிறகு தட்டில் தேய்த்து, மறுநாள் முளைத்திருக்கும் புள்ளிகளைப் பார்த்து, சந்தேகத்துக்குரியவற்றை அதற்கடுத்த நாட்களில் உறுதி செய்கிறார்கள். முடிவு கைக்கு வர நான்கைந்து நாள் ஆகும். அதற்குள் மீனும் இல்லை, வாங்கியவர் யார் என்ற தடயமும் இல்லை. வட சென்னைத் துறைமுகப் பகுதியின் உணவுச் சோதனை வரலாற்றை இந்த இரண்டு கடிகாரங்களின் முரணாகவே படிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அது யாரைக் காக்கும் என்பதையும் முடிவு செய்திருக்கிறது. காத்திருக்க முடிந்த சரக்குக்குக் காவல் கிடைத்தது. கூடைக்குக் கிடைக்கவில்லை. விரல் அகலச் சில்லு ஒன்றில் கிருமியைப் பிடித்துக் காட்டும் கருவிகளைப் பற்றி இன்று எழும் பேச்சையும், அவை எவ்வளவு சிறியவை என்ற வியப்பை ஒதுக்கிவிட்டு, இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே சரி.

நகரத்தின் முதல் கிருமிச் சோதனைகள் மீனுக்காக வந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மதராஸை ஆட்டிப் படைத்தது காலரா. 1824-லேயே வில்லியம் ஸ்காட் என்ற மருத்துவர் மாகாணத்தில் அது பரவிய விதத்தைத் தொகுத்துப் பெரிய அறிக்கை எழுதினார். 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்தது. 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரில் கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்க உருவான கிங் நிறுவனம், காலப்போக்கில் தண்ணீரையும் உணவையும் சோதிக்கும் இடமாக வளர்ந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. இந்தக் காலத்துச் சோதனைகள் எல்லாமே மெதுவானவை. ஆனால் அந்த மெதுவுக்கு அப்போது ஒரு நியாயம் இருந்தது. இன்று ஏரியில் எடுத்த நீரின் முடிவு மூன்று நாள் கழித்து வந்தாலும் ஏரி அங்கேயேதான் இருக்கும். வடிகட்டியைச் சரி செய்ய அந்தத் தகவல் போதும். நிலைத்து நிற்கும் பொருளுக்கு மெதுவான சோதனை பொருந்தும். கைமாறிக்கொண்டே போகும் பொருளுக்கு அது பொருந்தாது என்பதை யாரும் அப்போது கேள்வியாகவே எழுப்பவில்லை. 1918-இல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த கலப்படத் தடுப்புச் சட்டம் முதன்மையாக நினைத்தது பாலில் தண்ணீர், நெய்யில் கொழுப்பு போன்றவற்றை. கண்ணுக்குத் தெரியாத உயிரை அது தேடவில்லை.

சோதனைத் தட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். கிருமிகளை வளர்க்கும் கெட்டியான ஊட்டத்துக்கு அகர் என்ற கடற்பாசிப் பசையைப் பயன்படுத்தலாம் என்று காக்கின் ஆய்வகத்துக்கு யோசனை தந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. அங்கே பணியாற்றிய ஆய்வாளர் ஒருவரின் மனைவி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டாரிடமிருந்து தெரிந்துகொண்ட சமையலறைச் சங்கதி அது. வெயில் காலத்தில் உருகிப்போன ஜெலட்டினுக்கு மாற்றாக வந்த அந்தப் பசை, 1887-இல் ஜூலியஸ் பெட்ரி செய்த மூடித்தட்டுடன் சேர்ந்து, இன்றுவரை உலகின் எல்லாக் கிருமி ஆய்வகங்களையும் ஆள்கிறது. நம் மண்டபம், ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் முக்குளித்துப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகருக்குத்தான் போகிறது. கடலோரப் பெண்களின் உழைப்பில் உருவான தட்டு, கடலோரப் பெண்கள் விற்கும் மீனைச் சோதிக்க மட்டும் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

கூடையில் மீன் விற்கும் பெண்ணிடம் சோதனையே இல்லை என்று சொல்வது தவறு. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது, கண் குழிவிழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, விரலால் அழுத்திப் பள்ளம் மீள்கிறதா என்று பார்ப்பது, முகர்வது ஆகிய எல்லாம் சேர்ந்து நொடிகளில் முடியும் ஒரு சோதனை. மீனின் வேகத்துக்கு ஈடுகொடுத்த ஒரே சோதனையும் அதுதான். விற்காமல் தங்கியது உப்புப் போட்டுக் கருவாடாகும். அந்தக் காலத்தில் ஐஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1842-இல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி இறக்கிய பனிக்கட்டி வெள்ளைக்காரர்களின் கோப்பைக்குப் போனது, கட்டுமரத்துக்குப் போகவில்லை. செவுள் பார்க்கும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. மீனை அழுகவைக்கும் கிருமிகள் வேறு, மனிதரை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. முன்னவை நாற்றத்தால் தம்மைக் காட்டிக்கொடுக்கும். பின்னவை பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை. 1950-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் அரைகுறையாக உலர்த்திய குஞ்சு மத்தி மீனைத் தின்று 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது, புஜினோ என்ற ஆய்வாளர் விப்ரியோ பாராஹீமொலிட்டிகஸ் என்ற கிருமியைக் கண்டுபிடித்தார். வெதுவெதுப்பான கரையோரக் கடல்நீரில் இயல்பாகவே வாழும் உயிர் அது. வங்கக் கடலின் நீர் அதற்கு ஏற்ற வீடு. செவுள் சிவப்பாக இருக்கும்போதே அது உள்ளே இருக்கலாம்.

விசைப்படகும் இறால் ஏற்றுமதியும் வந்த பிறகு கதை மாறியது. 1963-இல் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டுச் சட்டம், 1972-இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம், அதே காலத்தில் அதன் வடக்கு மூலையில் விசைப்படகுகளுக்கான காசிமேட்டுத் துறைமுகம் என்று பத்திருபது ஆண்டுகளில் ஒரே கரையில் இரண்டு மீன்கள் பிரிந்தன. ஒன்று உறைந்த கட்டியாகிக் குளிர்கிடங்கில் படுத்தது. இன்னொன்று கூடையில் ஏறியது. உறைந்த இறாலுக்கு ஐந்து நாள் ஒரு பொருட்டே இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே தட்டில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பழைய முறை அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 25 கிராமில் ஒரு சால்மோனெல்லாகூட இருக்கக் கூடாது என்ற வெளிநாட்டு விதியை நிறைவேற்ற ஆய்வகங்களும் ஆட்களும் சான்றிதழ்களும் வந்தன. இதைப் பாகுபாடு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. காசு எங்கிருந்து வந்ததோ அங்கே காவல் போனது என்பது உண்மைதான். ஆனால் காசு இருந்திருந்தாலும் கூடை மீனுக்கு அந்தக் காவலைத் தந்திருக்க முடியாது. முடிவு வருவதற்குள் மீன் போய்விடும். கருவியின் நேரமே கொள்கையாகிவிட்டது.

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. சரக்கில் சால்மோனெல்லா, விப்ரியோ இருந்தன. பதப்படுத்தும் கூடங்களை நேரில் வந்து பார்த்த ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு அங்கிருந்த சுத்தத்தில் திருப்தி இல்லை. சில மாதங்களில், அங்கீகாரம் பெற்ற கூடங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. அந்தச் சில மாதங்களில் இங்கே மாறியது என்ன என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கிருமியைக் கண்டுபிடிக்கும் முறை மாறவில்லை. அதே தட்டு, அதே ஐந்து நாள். மாறியவை தண்ணீர், ஐஸ், தரை, கழுவும் தொட்டி. வெளியே சிதறிக் கிடந்த இறால் உரிக்கும் கொட்டகைகளைக் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. குடிநீர்த் தரமுள்ள தண்ணீரில்தான் ஐஸ் கட்ட வேண்டும் என்பது கட்டாயமானது. விண்வெளி வீரர்களின் உணவுக்காக அமெரிக்காவில் 1960-களில் உருவான ஹசாப் என்ற முறை, முடிந்த பொருளைச் சோதித்துக் கழிப்பதைவிடக் கிருமி நுழையக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் காவல் காப்பதே மேல் என்று சொன்னது. அதே 1997 டிசம்பரில் அமெரிக்காவும் கடலுணவுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சோதனை தந்த அடியில்தான் சுத்தம் வந்தது என்றாலும், மீனைக் காத்தது சுத்தமே. அந்தச் சுத்தம் கூடத்தின் மதில் சுவரோடு நின்றுகொண்டது. துறைமுகத் தளத்தில் மீன் கழுவும் நீரும், வண்டியில் வந்து இறங்கும் ஐஸ் பாரும் யார் பார்வைக்கும் வரவில்லை. காசிமேட்டை நவீனப்படுத்தும் பேச்சு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற 2021 வரை ஆனது.

இந்த இடத்தில்தான் சில்லு ஆய்வகம் வரலாற்றுக்குள் நுழைகிறது. 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிலிக்கான் தகட்டுக்குள்ளேயே வாயுக்களைப் பிரித்தறியும் கருவியைச் செதுக்கிக் காட்டினார்கள். 1990-இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் கூட்டாளிகளும் மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு சொல்வதுவரை முழு ஆய்வையும் ஒரு சில்லுக்குள் அடக்கலாம் என்று எழுதினார்கள். 2000-இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட லாம்ப் என்ற முறை, டி.என்.ஏ.வைப் பெருக்கச் சூட்டை ஏற்றியும் இறக்கியும் கொண்டிருக்க வேண்டியதில்லை, 65 டிகிரியை ஒட்டிய ஒரே சூட்டில் வைத்தால் போதும் என்று காட்டியது. 2007-இல் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு வெறும் காகிதத்தில் நீர் கடக்க முடியாத எல்லை வரைந்து நீர்மத்தைத் தானாக ஓடவைத்தது. தலைமுடி அளவு அகலமுள்ள கால்வாய்களில் நீர்மம் கொந்தளிக்காமல் அடுக்கடுக்காக நகரும். கொஞ்சமே இருப்பதால் நொடியில் சூடேறி நொடியில் ஆறும். கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசிய சுவரும் கிருமிக்கு மிக அருகிலேயே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்துதான் நாட்களை மணி நேரங்களாகக் குறைக்கின்றன. இது எங்கோ நடக்கும் மாயம் அல்ல. பெங்களூரில் உருவாகிக் கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற பேட்டரிச் சில்லுக் கருவி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசநோயைக் கண்டறிகிறது. 2020-இல் கொரோனாவுக்கும் நாடெங்கும் பயன்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யிலோ பாலில் கலந்த யூரியா, சோப்பு போன்றவற்றை அரை நிமிடத்தில் காட்டும் காகிதக் கருவியை 2023-இல் வெளியிட்டார்கள்; அது தேடுவது வேதிப்பொருளை, கிருமியை அல்ல. எச்சில் சளியில் சாத்தியமானது மீனில் ஏன் இன்னும் தெருவுக்கு வரவில்லை என்று கேட்கலாம்.

கணக்குப் போட்டால் பதில் கிடைக்கும். விதி கண்டுபிடிக்கச் சொல்வது 25 கிராம் மீனில் இருக்கும் ஒரே ஒரு கிருமியை. அதை ஊட்டநீரில் கலந்தால் மொத்தம் ஏறத்தாழ 250 மில்லி. சில்லின் கால்வாய் கொள்வது 10 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிருமி அதற்குள் வர வாய்ப்பு 25,000-இல் ஒன்று. கருவி எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் வைக்கோல் போரில் ஒரு பிடியை மட்டும் எடுத்து ஊசியைத் தேடுகிறது. எதிர்ப்பொருள் பூசிய காந்தத் துகள்களைப் பெரிய அளவு நீரில் கலக்கிக் கிருமியைத் திரட்டலாம்; அல்லது ஆறேழு மணி நேரமாவது கிருமியை வளரவிட்டுப் பிறகு சில்லில் ஏற்றலாம். இரண்டாவது வழியில் பெட்ரியின் காலம் பின்வாசல் வழியாக மீண்டும் நுழைகிறது. அது போக, செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் டி.என்.ஏ.தான், கொதிநீரில் மாண்ட சால்மோனெல்லாவையும் சில்லு ஆபத்து என்றே சொல்லக்கூடும். எனவே ‘சில நிமிடங்களில் முடிவு’ என்று விளம்பரம் செய்யும் கருவி எதைக் கண்டாலும், எவ்வளவு மீனில் கண்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை உலகுக்குக் கற்பித்ததே மதராஸ்தான். 1992-இன் இறுதியில் இந்நகரில் காலராவைப் போலவே மக்களை வீழ்த்திய ஒரு நோய் தோன்றியது. நோயாளிகளிடம் கிடைத்த கிருமி தட்டில் விப்ரியோ காலராவாகவே வளர்ந்தது. ஆனால் காலராவை உறுதி செய்யப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த ஓ1 எதிர்ச்சீரத்தோடு அது திரளவே இல்லை. அன்றுவரை அறிந்திருந்த 138 வகைகளில் எதிலும் சேராத அதற்கு ஓ139 என்று பெயரிட்டார்கள், எம்.ஓ.10 என்ற பெயரில் இன்றும் ஆய்வகங்களில் ஆராயப்படும் அதன் கிளை ஒன்று மதராஸில் எடுத்ததுதான். ஒரு விரைவுச் சோதனை தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காததை அது பார்ப்பதில்லை. மெதுவான தட்டோ எது வளர்ந்தாலும் முன்னால் வைக்கும். புதியவனைப் புதியவன் என்று அடையாளம் காண அதுவே வழி. ஆகவே சில்லு வந்தால் தட்டைத் தூக்கி எறியலாம் என்பவர்களோடு நான் இல்லை. கிண்டியில் தட்டு இருக்கட்டும், கரையில் சில்லு இருக்கட்டும் என்பதே என் நிலை.

நாம் மீனைப் பச்சையாகத் தின்பதில்லையே, புளி ஊற்றிக் கொதிக்கவைக்கும் குழம்பில் எந்தக் கிருமி தப்பும் என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்வி, பெரும்பாலான கிருமிகளைப் பொறுத்தவரை சரியானதும்கூட. ஆனால் கிருமி கொதிக்கும் சட்டியில் மட்டும் இருப்பதில்லை. மீன் அரிந்த அருவாமனையிலும் அதே கையால் நறுக்கிய வெங்காயத்திலும் ஐஸ் உருகிய நீரிலும் அது ஏறிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற கருஞ்சதை மீன்கள் வெயிலில் கிடந்தால் சில கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஹிஸ்டமின் சாகாது. பொரித்தாலும் போகாது. திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீனுக்கென்றே துறைமுகம் எழுந்திருக்கும் நிலையில், இதைக் குழம்புக் கொதியிடம் ஒப்படைத்துவிட முடியாது. சில்லுக்கும் இது வசதியான இரை. ஹிஸ்டமின் 25 கிராமில் ஒன்றாக ஒளிந்திருப்பதில்லை. ஆபத்தான அளவில் ஒரு கிலோவுக்கு நூறு, இருநூறு மில்லிகிராம் என்று சதையில் பரவியிருக்கும். சிறு துளியிலும் பிடிபடும். முதலில் கரைக்கு வர வேண்டிய கருவி சால்மோனெல்லாவைத் தேடுவது அல்ல, ஹிஸ்டமினை அளப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பேரும் புகழும் கொடிய கிருமிகளுக்கே கிடைக்கின்றன.

மீன் விற்கும் பெண்களின் பயம் வேறு: இன்னொரு கருவி வந்தால் இன்னொரு அதிகாரி வருவார். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பார்மலின் சோதனைத் தாள் சில நிமிடங்களில் நிறம் காட்டும். அதைக் கொண்டு அந்த ஜூனில் கேரள எல்லையில் லாரிகளை மறித்தார்கள். அடுத்த மாதமே காசிமேட்டு, சிந்தாதிரிப்பேட்டை மீன்களைப் பற்றியும் சர்ச்சை கிளம்பியது. பார்மலின் எந்தக் கட்டத்தில், யார் கையால் சேர்ந்தது என்று தாள் சொல்லாது. கடைசியாக யார் கையில் மீன் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூடைக்கு மேல் சில்லை நீட்டினால் நடக்கப்போவதும் இதுவே. பழுது வந்தது படகின் அறையிலா, ஐஸ் ஆலையிலா, கழுவும் நீரிலா என்று கேட்காமல் கூடைக்காரியின் ஒரு நாள் முதலைக் குப்பையில் கொட்டுவார்கள். இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது கருவியை வைக்கும் இடத்துக்கு எதிரான ஆட்சேபம். சிப்பிகளுக்கு ஐரோப்பாவில் கடைப்பிடிக்கும் முறையைப் பாருங்கள்: அங்கே சாப்பாட்டுத் தட்டுக்கு வந்த சிப்பியை மட்டும் பார்ப்பதில்லை, அதை எடுத்த நீர்ப்பரப்பையே சிப்பியிலுள்ள ஈ.கோலி எண்ணிக்கையை வைத்து முதல், இரண்டாம், மூன்றாம் தரமாகப் பிரிக்கிறார்கள். விலங்கியலில் மதராஸின் பெயரையே தாங்கிய சிப்பி இனம் வாழும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு அப்படியொரு தரப் பட்டியல் வந்தால், சிப்பி பொறுக்குபவர் மீது விழும் பழி அதில் கழிவுநீர் விடுபவர் பக்கம் திரும்பும். அங்கேயும் சில்லுக்கு ஓர் எல்லை உண்டு. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோடு வந்த எண்ணெயையும் கிருமிச் சில்லு எதுவும் காணாது.

ஐஸ் ஆலையின் குழாய், துறைமுகத் தளத்தின் கழுவும் நீர், ஏலத்துக்கு முன் படகிலிருந்து இறங்கும் சூரை ஆகிய மூன்று இடங்களில் காலையில் ஒரு மணி நேரம் சில்லு வேலை செய்தால் போதும். தெருவுக்குள் அது வரவே வேண்டியதில்லை. ஐஸ் ஆலையின் தண்ணீர் ஏரி நீரைப் போன்றது. நேற்றுக் கெட்டிருந்தால் இன்றும் கெட்டிருக்கும், அதைத் திருத்த முடியும். கூடை மீனுக்கு மெதுவான சோதனை உதவாமல் போனதற்கு மாற்று, கூடையை விரட்டும் வேகமான சோதனை அல்ல. கூடைக்கு முன்னால் நிற்கும் நீரையும் ஐஸையும் அன்றன்றே பார்க்கும் சோதனை. சட்டம் இன்னும் அந்தக் கடிகாரத்துக்கு வரவில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஆய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம் உண்டு. அந்தச் சட்டம் அமைத்த ஆணையம் அங்கீகரிக்கும் விரைவுக் கருவிகளுக்கு ராப்ட் என்ற திட்டம் இருக்கிறது என்றாலும், வழக்கு என்று வந்தால் அந்த 14 நாள் ஆய்வகத்துக்குத்தான் மாதிரி போக வேண்டும். தண்டனைக்கு அது சரிதான். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன் பொறுமை தேவை. ஒரு குழாயை அடைப்பதற்கு அத்தனை நாள் எதற்கு என்றுதான் புரியவில்லை.